பனி உழுத பாறை

ரெங்கராஜ் கல்லை நம்பிப் பிழைத்தவர். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு குவாரியில் பதினேழு வயதில் ஜல்லி தூக்கப் போனார். பிறகு கிரஷரில் நின்றார், லாரி ஓட்டினார், கடைசியில் பொக்லைன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மலை தீர்ந்து, பள்ளத்தில் தண்ணீர் நின்று, குவாரியை மூடியபோது அவருக்கு வயது முப்பத்துநான்கு. மனைவி மீனாம்பாள், நான்கு வயது மகள் ராதிகா. திருச்சியில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து ஒமானுக்கு விமானம் ஏறினார்.

"மூணு வருசம் பாத்துட்டு வந்துர்றேன்" என்று மீனாம்பாளிடம் சொல்லிவிட்டுப் போனார். பதின்மூன்று வருடம் ஆயிற்று.

அந்தப் பதின்மூன்றில் கடைசி ஐந்து வருடம் ஹைமாவுக்கு அப்பால், துக்ம் துறைமுகம் இருக்கும் திசையில், சாலையை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் ஓடினால் வரும் ஒரு கிரஷரில் கழிந்தது. சுற்றிலும் மரம் கிடையாது. சப்பாத்திக் கல் போலத் தட்டையான தரை. அதில் அங்கங்கே சரளைக்கல் மேடுகள், படுத்துக் கிடக்கும் மாட்டு மந்தையின் முதுகுகள் மாதிரி. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் அகலமான, ஆழமில்லாத பள்ளத்தாக்குகள். அதிகாலையில் கடலிலிருந்து மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைக்கும். எட்டு மணிக்குள் வெயில் அதைக் குடித்துவிடும். பிறகு நாள் முழுக்க வெள்ளை வெளிச்சமும் வெள்ளைத் தூசியும்தான்.

மேட்டை வெட்டி, சரளையை அள்ளி, கிரஷரில் போட்டு உடைத்து, புதிதாகப் போடும் சாலைக்கு அனுப்ப வேண்டும். கேம்ப்பில் பதினொரு பேர். சூப்பர்வைசர் வாசு பாலக்காட்டுக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். கிரஷரின் வாயில் கல் தள்ளிவிடும் வேலை பாலகுருவுக்கு. பரமக்குடிக்காரன், முப்பத்தொரு வயது. போன வருட லீவில் போனபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. ரெங்கராஜும் அவனும் ஒரே ரூம்.

கிரஷருக்கு மேலே, தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்க ஒரு குழாய் இருந்தது. கிரஷர் நிறுவிய புதிதில் அதில் தண்ணீர் வந்ததாம். ஹைமாவிலிருந்து வாரம் இரண்டு முறை வரும் டேங்கர் தண்ணீர் கேம்ப்பில் குளிக்கவும் சமைக்கவுமே சரியாக இருந்ததால் குழாயை யாரும் நினைப்பதில்லை. மாதம் ஒரு டப்பா பேப்பர் மாஸ்க் வரும். வேர்வை பட்டால் அரை மணி நேரத்தில் கிழிந்துவிடும். ஆட்கள் தலைத்துணியையே மூக்கில் சுற்றிக்கொண்டார்கள். பொக்லைன் கேபினில் ஏசி செத்து இரண்டு கோடை கடந்திருந்தது. ரெங்கராஜ் கதவைத் திறந்துவைத்துத்தான் ஓட்டினார். இருமல் இருந்தது. தூசி இருமல், அது எல்லோருக்கும் இருப்பதுதான் என்று விட்டுவிட்டார்.

ஆனால் கல்லை அவர் அப்படிச் சும்மா விடுகிறவர் இல்லை. முப்பது வருடம் கல்லோடு புழங்கியவருக்கு இந்த மேடுகளில் ஏதோ கணக்கு உதைத்தது. ஊரில் ஒரு மலையை உடைத்தால் அடிமுதல் நுனிவரை ஒரே கல்தான் வரும். ஆற்றில் அள்ளினால் தண்ணீர் உருட்டியது தரம் பிரிந்து கிடக்கும்; பெருங்கல் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம். இங்கே இரண்டும் இல்லை. ரோஸ் நிறக் கருங்கல், பச்சைக் கல், கறுப்புக் கல், சுண்ணாம்புக் கல் எல்லாம் சந்தையில் கொட்டியது போல ஒன்றாகக் கிடந்தன. குடம் அளவு கல்லும் நெற்றிக்கு இடுகிற விபூதி போன்ற மாவும் ஒரே மண்ணில் பிசைந்திருந்தன. அந்த ரோஸ் கருங்கல்லுக்கு நூறு கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு மலைகூட இல்லை. யார் கொண்டுவந்து போட்டது?

கேட்க ஆள் கிடைத்தது கடைசி வருட ஜனவரியில். கல்லின் உறுதியைச் சோதிக்க மஸ்கட் லேப் ஒன்றிலிருந்து மாதிரி எடுக்க வந்தவள் தர்மிகா. இலங்கையில் சாவகச்சேரிக்காரி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தவள், முப்பத்துநான்கு வயது. டிரைவர் கல்லை மூட்டையில் கட்டிக்கொண்டிருக்க, அவள் நிழலுக்காகப் பொக்லைன் ஓரமாக வந்து நின்றாள். ஃபோனில் யாரோடோ தமிழ் பேசியதைக் கேட்டு ரெங்கராஜ் கீழே இறங்கினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா?"

"ஓம், கேளுங்கோ அண்ணை."

"இந்தக் கல்லெல்லாம் எங்கேருந்துங்க வந்துச்சு? ஆறு உருட்டுன கல்லு மாதிரியும் இல்ல, மலையில இருந்து சரிஞ்சது மாதிரியும் இல்ல."

தர்மிகா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பல வருடமாகக் கல் மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு ஆப்பரேட்டர் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"நீங்கள் சொல்லுறது சரி. ஆறு கொண்டு வந்ததில்லை. ஐஸ் கொண்டு வந்தது."

ரெங்கராஜ் சிரித்துவிட்டார். "ஐஸா? இந்த ஊர்லயா?"

"முப்பது கோடி வருசத்துக்கு முன்னம் அண்ணை. அப்ப இந்தத் தரை தென் துருவத்துப் பக்கமாக் கிடந்தது. இந்தியா, இலங்கை, அரேபியா எல்லாம் ஒட்டின ஒரே துண்டு. இதுக்கு மேல மலை உயரத்துக்குப் பனிக்கட்டி. அது சும்மா கிடக்கேல்லை, மெல்ல மெல்ல நகரும். நகரேக்க வழியில இருக்கிற மலையைப் பேர்த்து, உடைச்சு, அரைச்சு, அள்ளிக்கொண்டு வரும். பிறகு உலகம் சூடாகி அது உருகிப் பின்வாங்கிப் போச்சு. போகேக்க அள்ளி வந்ததெல்லாத்தையும் விட்டிட்டுப் போச்சு. உருகின தண்ணி பள்ளத்தாக்கு வெட்டிக்கொண்டு ஓடி, அதுக்குள்ள சரளையைக் கொட்டிச்சு. பிறகு எவ்வளவோ மண் வந்து மூடி, அந்த மண்ணும் அரிச்சுப் போய், இப்ப இந்தச் சரளை மட்டும் மேடா நிக்குது."

அவள் போகும்போது நம்பர் கொடுத்தாள். "வித்தியாசமா ஏதும் கண்டா ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ."

ரூமில் ரெங்கராஜ் இதைச் சொன்னபோது பாலகுரு சோற்றுத் தட்டோடு விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, யாரோ ஃப்ரீசரத் தொறந்துபோட்டுட்டுப் போய்ட்டானா?" ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது ரெங்கராஜ் மகளிடமும் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ராதிகா வழக்கமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அன்றைக்குக் கால் மணி நேரம் கேள்வி கேட்டாள். சாப்பிட்டியா, படிக்கிறியா என்பதைத் தவிர மகளிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்ததே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மார்ச் மாதம் ஒரு காலையில், மூடுபனி விலகாத நேரம், அவருடைய பொக்லைன் பக்கெட் மேட்டின் அடித்தரையைத் தொட்டது. தொட்ட சத்தமே வேறு மாதிரி இருந்தது. சரளையில் பக்கெட் போனால் நறநறவென்று கேட்கும். இது கீச்சென்று கூசியது. பாறை. அளவுக்கு மேல் ஆழமாக வெட்டிவிட்டோம், வாசு கத்தப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

தள்ளிய மண்ணுக்குக் கீழே வெளிர் பழுப்புப் பாறை, சிமென்ட் போட்டு மெழுகிய தரை போல வழவழவென்று கிடந்தது. அதன் மேல் கோடுகள். நூற்றுக்கணக்கில், நீளநீளமாக. ஐயோ, பக்கெட் பல் கீறிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. குனிந்து பார்த்தார். அவருடைய பக்கெட்டுக்கு ஐந்து பல். ஒரு சாண் இடைவெளி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கீறலை அவர் அடையாளம் சொல்வார். இவை அப்படி இல்லை. சில தலைமயிர் போல மெல்லியவை. சில கட்டைவிரல் பதியும் பள்ளமான காடிகள். எல்லாம் ஒரே திசையில், வரப்பு பிடித்து உழுதது போல ஓடின. ஓடி, இன்னும் யாரும் வெட்டாத மேட்டுக்கு அடியில் நுழைந்தன. அங்கே எந்த வண்டியும் போயிருக்க முடியாது.

குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றினார். ஈரத்தில் கோடுகள் கருத்துத் துலங்கின. ரெங்கராஜ் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மேட்டு உச்சியில் ஏறினால்தான் நல்ல சிக்னல் கிடைக்கும். ஏறி ஃபோட்டோ அனுப்பினார். அந்தச் சின்ன ஏற்றத்துக்கே நின்று நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மூச்சு அடங்குவதற்குள் தர்மிகாவே கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணை, அந்தப் பாறையைத் தொடாதேங்கோ. ஒருத்தரையும் தொட விடாதேங்கோ. நான் வாறன்."

மறுநாள் மத்தியானம் வந்தாள். வந்தவள் பேன்ட்டில் மண் படுவதைப் பார்க்காமல் பாறையில் முகம் வைத்துப் படுத்தேவிட்டாள். திசைமானியை வைத்து ஒவ்வொரு கோடாக அளந்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஐஸுக்கு அடியில மாட்டுப்பட்ட கல்லுகள் இழுபட்டு இழுபட்டுப் போட்ட கீறல் இது. இந்த நாட்டில இன்னொரு இடத்திலயும் இருக்கு, எங்கெங்கையோ இருந்தெல்லாம் ஆக்கள் வந்து பாக்கினம். ஆனா இது மூடியே கிடந்ததால காத்துக்கூடப் படேல்லை. நேற்றுக் கீறினது போல இருக்கு."

வாசுவிடம் போய் அவள் கேட்டது நாற்பது மீட்டர் நீளம் மட்டும்தான். அமைச்சகத்துக்கு எழுதுகிறேன், பதில் வரும்வரை அந்தத் துண்டை விட்டுவையுங்கள் என்றாள். வாசு தாடையைச் சொறிந்தார். "ரோட்டுக்காரங்க தினமும் விளிக்கிறாங்க மேடம். மேலேர்ந்து ப்ரஷராக்கும்." பிறகு ரெங்கராஜின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, மாசக் கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் வெட்டிக்கோ. அதுக்கு மேல எங்கிட்ட கேக்கக் கூடாது" என்றார்.

அந்த மூன்று வாரம் ரெங்கராஜின் வாழ்க்கையில் ஒரு தனித் துண்டு. சுற்றிலும் பெரிய கற்களை அடுக்கி லாரி நுழையாமல் வேலி போட்டார். வெள்ளிக்கிழமை ரூமில் எல்லோரும் துணி துவைக்க, இவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையைப் பெருக்கினார். பாலகுருவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். கேலி பேச வாயெடுத்தவன், ஒரு காடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "இதுக்கு முன்னாடி இத ஒருத்தனும் பாத்ததே இல்லையாண்ணே?" என்று கேட்டான். "மனுசன்னு ஒருத்தன் பொறக்கவே இல்லடா அப்ப" என்றார் ரெங்கராஜ். சொல்லும்போது அந்த இடத்துக்குத் தானே சொந்தக்காரர் போலிருந்தது.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது விசா புதுப்பிக்க மெடிக்கல் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் நடப்பதுதான். கம்பெனியின் அரசாங்க வேலைகளைப் பார்க்கும் மக்தூம் என்ற ஒமானி, ரெங்கராஜையும் இன்னும் இரண்டு பேரையும் நிஸ்வாவுக்கு வண்டியில் அழைத்துப் போனான். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டு இவரை மட்டும் மறுபடி கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஹைதராபாத்துக்காரர். இந்தியில் கேட்டார்.

"என்ன வேலை?"

"கிரஷர் சைட் சாப். பொக்லைன்."

"எத்தனை வருசம்?"

"இங்க பதிமூணு. ஊர்ல பதினேழு."

டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். கறுப்பான இரண்டு நுரையீரலிலும் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மேல்பக்கம் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகியிருந்தன. காசநோயாக இருக்கலாம் என்று சளி எடுத்து அனுப்பி, நிஸ்வாவிலேயே ஒரு வாரம் தனி அறையில் வைத்தார்கள். காசம் இல்லை என்று வந்தது. ரெங்கராஜ் பெருமூச்சு விட்டார். டாக்டர் விடவில்லை.

"காசம்னா மருந்து கொடுத்திருப்பேன். இது கல் தூசி. உள்ளே போய் உட்கார்ந்து நுரையீரலையே கல்லாக்கிக்கிட்டிருக்கு. இதுக்கு மருந்து இல்ல பாய். இனி தூசிப் பக்கம் போகாதீங்க."

"போகலேன்னா சரியாயிடுங்களா?"

டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, "மெதுவாகப் போகும்" என்றார். எது மெதுவாகப் போகும் என்று ரெங்கராஜ் கேட்கவில்லை. காகிதத்தில் 'அன்ஃபிட்' என்று இருந்தது.

திரும்பும் வழியில் மக்தூம் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான். இருபத்தாறு வயதுப் பையன். இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை. ரெங்கராஜ்தான் கேட்டார், வாட்ச்மேன் வேலையாவது போட்டுக் கொடுக்க முடியுமா, கேம்ப்பில் சமையலாவது. மக்தூம் அங்கேயே ஆபீசுக்குப் பேசினான். அரபியில் நீளமாகப் பேசினான், கெஞ்சுவது போலவும் பேசினான். ஃபோனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தான். "விசா மாஃபி ரங்கா, இல்ல. அன்ஃபிட்னா கலாஸ், முடிஞ்சுது. இருபத்தாறாம் தேதி டிக்கெட்."

கேம்ப்புக்கு வந்தபோது பாறையைச் சுற்றி அவர் அடுக்கிய கற்களைக் காணவில்லை. வாசு அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: அந்த அடிப்பாறையே நல்ல உறுதியான கல்லென்று லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது, தார் கலக்க அதுதான் வேண்டுமாம், பாறை உடைக்கிற பிரேக்கர் வண்டி நாளைக்கு வருகிறது.

எந்த லேப் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ரெங்கராஜ் மேட்டில் ஏற முடியாமல் ஏறினார். பாதியில் உட்கார்ந்து, மறுபடி ஏறினார். ஃபோன் போட்டார். தர்மிகா எடுத்ததுமே அழுதாள்.

"அண்ணை, நான் குடுத்த சாம்பிள்தான். அந்த முதல் நாள் மற்றப் பக்கத்து வெட்டில எடுத்ததுக்குள்ள அடிப்பாறைத் துண்டும் இருந்திருக்கு, எனக்குத் தெரியேல்லை. அமைச்சகத்துக்கு எழுதினனான். 'இந்த இடம் எங்கட பட்டியலில இல்லை, ஆக்கள் வந்து பாப்பினம்' எண்டு பதில் வந்தது. எப்ப எண்டு இல்லை. அதுக்குள்ள என்ர மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார், நீ யாருக்கு வேலை செய்யிறாய் எண்டு. என்ர விசாவும் அவையின்ர கையிலதான். தம்பி ஆக்கள் ரெண்டு பேர் என்னை நம்பி யாழ்ப்பாணத்தில இருக்கிறாங்கள். என்னால ஒண்டும் செய்யேலாமல் போச்சு."

"அழாதீங்கம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் ரெங்கராஜ். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. நெடுநேரம் நிற்கவில்லை.

"ஏனண்ணை இப்பிடி இருமுறியள்?"

சொன்னார்.

"மாவு மாதிரி ஒண்ணு இருக்குமேங்க, கல்லுக்கு நடுவுல. ஐஸு அரைச்சதுன்னு சொன்னீங்களே" என்று கேட்டார். "அதுதாங்களா உள்ள போனது?"

"அதுவும்தான் அண்ணை" என்றாள் தர்மிகா, குரலே எழும்பாமல். "ஊரில உடைச்ச கல்லும்தான்."

பிரேக்கர் வண்டியை ஓட்டப் பாலகுருவைப் போட்டிருந்தார் வாசு. அவனுக்கு அது பதவி உயர்வு. கிரஷர் வாயில் நிற்பதைவிட மேல் என்று அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான். காய்ந்த பாறையில் பிரேக்கர் உளி இறங்கினால் எழும்புகிற தூசி எப்படிப்பட்டதென்று ரெங்கராஜுக்குத் தெரியும். கேபின் கதவு சாத்தியிருந்தாலும் வரும். பாலகுரு காலையில் பல் தேய்க்கும்போது இருமுவதை அவர் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு என்ன பொருள் என்று இப்போதுதான் தெரிந்தது.

விடிந்ததும் வாசுவிடம் போனார்.

"நான் ஒடைக்கிறேன்."

"நீ அன்ஃபிட் ஆள், விசா கேன்சல். ஏதாவது ஆச்சுன்னா என் கழுத்துக்கு வரும்."

"எனக்கு இனிமே கெட்டுப்போக என்ன சார் இருக்கு? அவனுக்கு எட்டு மாசக் குழந்தை. மூணு நாள் வேலை. நான் பாத்துக்கிறேன்."

வாசு ஏதோ ஃபோன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ரெங்கராஜ் உளியை ஓரத்தில் வைக்கவில்லை. எந்த இடம் மிக அழகோ, எந்த இடத்தில் பாலகுரு கை வைத்தானோ, அங்கேயே முதலில் இறக்கினார். கடைசிவரை அதைப் பார்த்துக்கொண்டே சுற்றி உடைக்க அவரால் ஆகாது. முதல் அடிக்குப் பாறை அசையவில்லை. நான்காவதில் கோடுகளுக்குக் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. அதற்குப் பிறகு அது வெறும் கல்தான். முப்பது வருடமாக உடைத்த கல். கைகள் தாமாக வேலை செய்தன. பத்து மணிக்கு மூக்கில் சுற்றிய துணி பிசுபிசுவென்று ஒட்டியது. மூன்று நாள் உடைத்தார். நடுநடுவே வண்டியை நிறுத்தி, லீவரில் நெற்றியை வைத்து, மூச்சு வரும்வரை காத்திருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இறங்கி வந்தபோதுதான், தான் செய்தது எவ்வளவு வீண் என்று அவருக்கு உறைத்தது. உடைத்த கல் கிரஷருக்குத்தானே போகும். பிரேக்கர் வேலை போனதால் பாலகுரு பழையபடி கிரஷர் வாயில் நின்றான். அந்தப் பாறை நொறுங்கும்போது எழுந்த வெள்ளைப் புகையில் அவனுடைய தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மூன்று நாளாக அங்கேயேதான் நின்றிருந்தான்.

ரெங்கராஜ் ஓடினார். நாலு எட்டுக்கு மேல் ஓட முடியவில்லை. நின்று கையைக் காட்டிக் கத்தினார். மோட்டாரை நிறுத்திவிட்டு அவன் இறங்கி வந்தான். இமை மயிர்கூட வெளுத்திருந்தது.

"டேய், நீ ஊருக்குப் போயிரு. இங்க இருக்காத."

"போயி?"

"எதாவது. ஆடு மேயி. செத்துருவடா."

"அண்ணே, நாலு வருசமா இருக்கேன். ஊருக்குப் போனாலும் எனக்குத் தெரிஞ்சது இதான். அங்க போயிக் கிரஷர்ல நின்னா மட்டும் தூசி வேற தூசியா?"

"அப்ப ஒரு எக்ஸ்ரேவாச்சும் எடு. தனியா போய் எடு. ஆரம்பத்துலயே தெரிஞ்சா..."

"எடுத்தா தெரிஞ்சிரும்லண்ணே" என்றான் பாலகுரு. "எனக்கு மெடிக்கல் வர இன்னும் ஒன்றரை வருசம் இருக்கு. அதுவரைக்கும் நான் நல்லா இருக்கேன்."

ரெங்கராஜ் அவன் முகத்தைத் தன் துணியால் துடைத்துவிட்டார். துணியிலும் தூசிதான் இருந்தது.

இருபத்தாறாம் தேதி மக்தூம் அவரை மஸ்கட் விமான நிலையத்தில் விட்டான். இறங்கும்போது பெட்டியைத் தூக்க விடாமல் தானே உள்ளேவரை தூக்கிக்கொண்டு வந்தான். திருச்சியில் மீனாம்பாள் வந்திருந்தாள். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் வீட்டுக்கென்று ஒரு சாமானும் வாங்காமல் வந்த கணவனைப் பார்த்து, "என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க" என்றாள். மற்றதை அவர் பஸ்ஸில் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாடாலூர் வரும்வரை திரும்பவில்லை.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரேவைப் பார்த்ததும் காசநோய் மாத்திரை எழுதிவிட்டார்கள். நிஸ்வா காகிதத்தைக் காட்டினார். 'அன்ஃபிட்' என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அரபியில் இருந்தது. ஆறு மாதம் மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். பிறகு திருச்சியில் ஒரு பெரிய டாக்டர், இது குவாரி நோய், இதற்கு அரசு உதவி உண்டு, மனு கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். எந்த இடத்தில் வேலை பார்த்தீர்கள் என்பதற்குச் சான்று கேட்டார்கள். ஊர்க் குவாரியில் ஆட்களின் பெயரை யாரும் எங்கும் எழுதியதே இல்லை. அந்தப் பள்ளத்தில் இப்போது மீன் வளர்க்கிறார்கள். ஒமானில் வந்தது என்றால் ஒமானில் கேட்க வேண்டும் என்றார் ஒரு அதிகாரி. அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

ராதிகா கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதம் போனாள். மீனாம்பாள் ஜவுளிக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டாள். ரெங்கராஜால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கினார். "காலேஜுக்குப் போம்மா" என்று தினமும் சொல்வார். "அடுத்த வருசம் போறேம்ப்பா" என்று தினமும் சொல்வாள். இருவருக்கும் அது பழகிவிட்டது.

தர்மிகா ஒரே ஒரு முறை பேசினாள். நவம்பரில் அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வந்தார்களாம். பள்ளத்தைப் பார்த்துவிட்டு, குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்களாம். கிரஷரைப் பிரித்து அடுத்த மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாலகுரு அங்கேதான் நிற்கிறான் என்றாள். "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார் ரெங்கராஜ். தான் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை என்றாள்.

ரெங்கராஜ் அடுத்த ஆடி மாதம், ஒரு முற்பகலில், சுவரில் சாய்ந்தபடியே இறந்தார். ராதிகா சுடுகஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். இறப்புப் பதிவுக்கு மீனாம்பாளின் தம்பி போனபோது, என்ன காரணம் என்று கேட்டார்கள். திருச்சி டாக்டர் ஆங்கிலத்தில் சொன்ன நோயின் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. மூச்சுத்திணறல் என்று எழுதிக்கொண்டார்கள்.